கிளையம்மாவை வெட்டின உளிக்காரி

ஒரு ஊர்ல ஒரு உளிக்காரி இருந்தா. பேரு எயினி. சிரிக்காத, அந்தக் காலத்துல அப்படித்தான் பேரு வெப்பாங்க. இந்தப் பக்கம் திரும்பிப் படு. போர்வை நுனியை வாயில வெச்சுக் கடிக்காத. நான் சொல்லச் சொல்ல நீ "ம்" கொட்டணும், கொட்டலைன்னா அத்தை நிறுத்திடுவேன். இன்னொண்ணும் சொல்லிடறேன். இந்தக் கதையைச் சொன்னா எனக்குக் கோவம் வரும். நடுவுல கத்தினா நீ பயந்துக்காத, உன்னைத் திட்டல.

ம்.

அந்த ஊரு ஆத்தங்கரையில இருந்துது. ஆத்துல தண்ணி சலசலன்னு ஓடும், ஆனா ஊருக்குள்ள அந்தச் சத்தம் கேக்காது. ஏன்னா வீட்டுக்கு வீடு கல்லு தேய்ப்பாங்க. சர்ரக் சர்ரக், சர்ரக் சர்ரக். அந்த மண்ணைத் தோண்டினா பச்சைக்கல்லு கிடைக்கும். ஆழமான தண்ணி எட்டிப் பாத்தா பச்சையா தெரியுமே, அந்த நிறம். ஆம்பளைங்க குழியில இறங்கித் தோண்டுவாங்க, பொம்பளைங்க உக்காந்து, கரகரன்னு இருக்கிற கல்லுத் தூளைப் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு மெருகேத்துவாங்க. ஒரு கல்லு பளபளன்னு ஆகறதுக்குள்ள விரல் நுனியெல்லாம் தோலு உரிஞ்சு போயிடும்.

அப்புறம், கடலுக்கு அந்தாண்டை ரோமாபுரின்னு ஒரு தேசம். அங்க இருக்கிற சீமாட்டிங்களுக்கு இந்தப் பச்சைக்கல்லுன்னா உசுரு. அதனால அங்கேருந்து யாவாரிங்க கப்பல் ஏறி, மேற்காலத் துறைமுகத்துல இறங்கி, பொதிமாட்டு மேல மூட்டையை ஏத்திக்கிட்டு மலையைத் தாண்டி வருவாங்க. யவனங்கன்னு பேரு அவங்களுக்கு. மாட்டுக் கழுத்து மணி டிங்கு டிங்கு டிங்குன்னு தூரத்துல கேக்கறப்பவே ஊரு தெரிஞ்சுக்கும், யவனங்க வர்றாங்கன்னு.

ம்.

கல்லுக்குப் பதிலா என்ன குடுப்பாங்க? வெள்ளிக்காசு. அத்தையோட கட்டை விரல் நகம் இருக்கு பாரு, அதைவிடக் கொஞ்சம் பெருசு. ஒரு பக்கம் ராசா தலை. தலை மட்டும்தான், உடம்பு கிடையாது. பக்கவாட்டுல எங்கயோ பாத்துக்கிட்டு இருப்பான், நம்ம மூஞ்சியை நேராப் பாக்க மாட்டான், அவ்வளவு கெத்து. நீளமா மூக்கு, தலையைச் சுத்தி இலைமாலை, ஓரத்துல எறும்பு ஊர்ற மாதிரி எழுத்து. காசைத் திருப்பினா அந்தப் பக்கம் ஒரு அம்மா. நாக்காலியில நிமிந்து உக்காந்திருப்பா. ஒரு கையில நீளக் கோலு, இன்னொரு கையில இலையோட ஒரு சின்னக் கிளை. சில காசுல அந்த அம்மா இருக்க மாட்டா, ரெண்டு பசங்க நிப்பாங்க, கேடயமும் ஈட்டியும் வெச்சுக்கிட்டு.

அந்த அம்மா யாருன்னு கேட்டா ஒரு யவனன், ராசாவைப் பெத்தவங்கறான். இன்னொருத்தன், சண்டை வராம பாத்துக்கிற சாமிங்கறான். நம்ம பொம்பளைங்க அவங்க சொல்லி முடிக்கற வரைக்கும் காத்துக்கிட்டா இருப்பாங்க? கையில கிளை வெச்சிருக்கா, அதனால கிளையம்மான்னு பேரு வெச்சு முடிச்சுட்டாங்க. பிரசவ வலி எடுத்தா கிளையம்மா காசைக் கையில இறுக்கிப் பிடிச்சுக்குவாங்க. குழந்தைக்கு ஜுரம் வந்தா தலைமாட்டுல வெப்பாங்க. கழுத்துல கட்டிக்கறதுக்குக்கூட ஓட்டை போட மாட்டாங்க. ஓட்டை போட்டா அம்மாவுக்கு வலிக்குமாம். சுத்திலும் மெல்லிசாக் கம்பி சுத்தி, அதுல கயிறு கோத்துக்குவாங்க. எயினி கழுத்துலயும் ஒண்ணு இருந்துது. அவளுக்கு ரெண்டு நாளு வலி எடுத்து, தாயும் பொழைக்காது புள்ளையும் பொழைக்காதுன்னு எல்லாரும் கைவிட்டப்போ அவ கையில இருந்த காசு அது. ரெண்டும் பொழைச்சுது.

ம்.

இப்ப உளிக்காரின்னா என்ன வேலைன்னு சொல்றேன். அந்த ஊர்ல வெள்ளியைக் கண்ணால பாத்து வாங்க மாட்டாங்க. உளி பாத்தாத்தான் வெள்ளி. ஏன்னா வெளியில வெள்ளி மாதிரி மினுக்கிக்கிட்டு உள்ளே செம்பு வெச்சுக் குடுக்கிற மகராசனுங்க அப்பவும் இருந்தாங்க. அதனால எயினி புங்கமரத்தடியில ஒரு பட்டைக்கல்லைப் போட்டுக்கிட்டு உக்காருவா. இடது கையில உளி, வலது கையில சுத்தி. காசை வெச்சு, ராசா கன்னத்து மேல குறுக்கா, டங்க்! ஒரே வெட்டு. வெட்டுக்குள்ள பளிச்சுன்னு வெள்ளையா இருந்தா "மெய்"னு சொல்லிக் கூடையில போடுவா. சிவப்பா இருந்தா "பொய்"னு ஆத்துல வீசுவா, குபுக்!

அத்தை, ராசாவுக்கு வலிக்காதா?

வலிக்கட்டுமே! அவனா குழியில இறங்கிக் கல்லு தோண்டினான்? அவனா தோலு உரிய உரியத் தேய்ச்சான்? கடலு தாண்டி உக்காந்துக்கிட்டு மூஞ்சியை மட்டும் அனுப்பி வெச்சா, அந்த மூஞ்சி மெய்யா பொய்யான்னு பாக்கத்தான் செய்வாங்க. யவனங்களுக்கு இது பிடிக்காது. முகத்தைச் சுளிச்சுக்குவாங்க. "எங்க ஊர்ல இப்படிப் பண்ணினா தலையை எடுத்துடுவாங்க"ன்னு முணுமுணுப்பாங்க. எயினி காதுலயே போட்டுக்க மாட்டா.

ஆனா ஒரு வழக்கம். ராசா தலையைத்தான் வெட்டுவா, அந்தப் பக்கம் இருக்கிற கிளையம்மாவையோ புள்ளைங்களையோ தொட மாட்டா. காசு குப்புற விழுந்து அம்மா மேல வந்தா, ரெண்டு விரலால எடுத்து, கண்ணுல ஒத்திக்கிட்டு, திருப்பி வெச்சுத்தான் வெட்டுவா. பொம்பளையையும் பச்சைப் புள்ளைங்களையும் வெட்டக் கூடாதுன்னு ஊருக்கே ஒரு கட்டு. நல்ல வழக்கம்தான், நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா நல்ல வழக்கத்துக்குப் பின்னாடிதான் திருடன் வந்து ஒளிஞ்சுக்குவான், அதை ஞாபகம் வெச்சுக்க.

ம்.

அப்போ, லூக்கன்னு ஒரு யவன யாவாரி. போன வருசம் வந்தப்போ புங்கமரத்துக்கு எதுத்தாப்புல உக்காந்து, பனங்கிழங்கைக் கடிச்சுக்கிட்டு, நாள் பூரா எயினியையே பாத்தான். உளி எவ்வளவு ஆழம் இறங்குதுன்னு பாத்தான். எந்தப் பக்கம் வெட்டுறா, எந்தப் பக்கத்தைக் கண்ணுல ஒத்திக்கறான்னு பாத்தான். பாத்துட்டுப் போய் என்ன பண்ணினான் தெரியுமா, படுபாவி? ஒரு தினுசாக் காசு செஞ்சான். ராசா இருக்கிற பக்கம் வெள்ளி, தோசை தடிமனுக்கு. நடுவுல பூராவும் செம்பு. அம்மா இருக்கிற பக்கம் வெள்ளி எவ்வளவு? வெங்காயத்துக்கு மேல ஒரு தோலு இருக்குமே, ஊதினாப் பறக்குமே, அவ்வளவுதான்! எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வருது. ஏமாத்தறதுதான் ஏமாத்தற, ஒரு தாய் முதுகுக்குப் பின்னாலயாடா போய் ஒளிஞ்சுக்குவ?

ம்.

இந்த வருசம் வந்தான். இருபது பொதிமாடு. டிங்கு டிங்கு டிங்கு. கையில ஒரு பூமாலை வேற. வந்ததும் வராததுமா கிளையம்மா காசை ஒரு தட்டுல வெச்சு, மாலையைப் போட்டு, விழுந்து கும்பிட்டான். "நல்ல அம்மா! பெரிய அம்மா!"ன்னு அரைகுறைத் தமிழ்ல சொன்னான். ஊரே உருகிப் போச்சு. "பாருங்கடி, கடலு தாண்டி இருந்தாலும் என்ன பக்தி!"ன்னு. அப்புறம் எயினி உளி போட்டா. டங்க்! வெள்ளை. டங்க்! வெள்ளை. டங்க் டங்க் டங்க், எல்லாம் வெள்ளை. மத்த யவனங்க மாதிரி அவன் முகத்தைச் சுளிக்கல, சிரிச்சுக்கிட்டே நின்னான். அந்தச் சிரிப்பு எயினிக்கு என்னமோ மாதிரி இருந்துது. ஆனா சிரிச்சான்னு சொல்லி ஒருத்தனைப் பொய்க்காரன்னு சொல்ல முடியுமா? "மெய்"னு சொல்லிட்டா. ஊரு ஒரு வருசம் பூரா தேய்ச்ச கல்லு எல்லாம் அவன் மூட்டைக்குள்ள போச்சு.

அன்னைக்குச் சாயங்காலமே மழை. தடதடன்னு கொட்டித் தீத்துது. ஆத்துல வெள்ளம் வந்து, மாடு இறங்க முடியல. லூக்கன் ஒன்பது நாளு ஊர்லயே தங்க வேண்டியதாப் போச்சு. எங்க தங்கினான்? ஊர்த்தலைவன் குவிரன் வீட்ல. குவிரன்னா பெரிய வயிறு, அதைவிடப் பெரிய தொண்டை. அவன் வீட்ல தினமும் கறிச்சோறு.

ம்.

எயினிக்குப் பக்கத்து வீட்ல நன்னின்னு ஒருத்தி. ரெண்டு பேரும் ஒண்ணாக் கல்லு தேய்ச்சு வளந்தவங்க. நன்னி மகளுக்கு அப்போ மாசம் ஆயிருந்துது, அதனால நன்னிக்குப் புதுக் கிளையம்மா காசு கிடைச்சதுல ஒரே சந்தோசம். அம்மா இன்னும் கொஞ்சம் பளபளன்னு இருக்கட்டும்னு தேய்க்க ஆரம்பிச்சா. புளி போட்டுத் தேய்ச்சாளா? இல்ல. சாம்பல் போட்டுத் தேய்ச்சாளா? அதுவும் இல்ல. அவ கல்லு தேய்க்கிறவ இல்லையா, கை பழக்கம் எங்க போகும்? பச்சைக்கல்லுக்குப் போடுற தூளைப் போட்டே தேய்ச்சுட்டா! சர்ரக் சர்ரக், சர்ரக் சர்ரக். ஒரு நாளு, ரெண்டு நாளு, ஏழு நாளு. எட்டாம் நாளு காலையில பாத்தா, கிளையம்மா மூக்கு சிவப்பா இருக்கு. முட்டி சிவப்பா இருக்கு. கிளை பிடிச்ச கை சிவப்பா இருக்கு.

"ஐயையோ! அம்மாவுக்கு ரத்தம் வருது! ரத்தம்!"

நன்னி போட்ட கூப்பாட்டுல காக்கா எல்லாம் படபடன்னு பறந்துது. ஊரு ஓடி வந்துது. எயினியும் ஓடி வந்தா. பாத்தா. அவ உளிக்காரி, அவளுக்குத் தெரியாதா? "ரத்தம் இல்லடி, செம்புடி இது! ஏமாந்துட்டோம்! மேல தோலு மட்டும்தான் வெள்ளி!"ன்னு கத்தினா. கத்தறப்பவே அவளுக்கு லூக்கனோட அந்தச் சிரிப்பும் புரிஞ்சு போச்சு.

ம்.

கேட்டாங்களா? கேக்கல! உள்ளதைச் சொன்னா ஊரு கேக்குமா? அதுக்குள்ள குவிரன் வந்துட்டான், வயித்தைத் தூக்கிக்கிட்டு. கூடவே லூக்கன். குவிரன் அந்தக் காசை வாங்கிப் பாத்தான், லூக்கன் மூஞ்சியைப் பாத்தான். ரெண்டு பேரும் கண்ணாலயே பேசிக்கிட்டாங்க. அப்புறம் குவிரன் தொண்டையைத் தெறந்தான்.

"ஊராரே, நல்லாப் பாருங்க. காசோட இந்தப் பக்கம் மகன், அந்தப் பக்கம் தாய். மகன் கன்னத்தை வெட்டினா தாய்க்கு ரத்தம் வராதா? எத்தனை வருசமா வெட்டுறா இந்த எயினி! அம்மா பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, இன்னைக்கு அழுதுட்டா!"

என்ன பேச்சு பாத்தியா! திருட்டுப்பய பேச்சு, கேக்க எவ்வளவு இனிப்பா இருக்கு! ஊரு "ஆமா, ஆமா"ன்னு தலையை ஆட்டுது. பச்சைக்கல்லை விளக்கு வெளிச்சத்துல பிடிச்சு உள்ளே மசிரளவு கீறல் இருந்தாக்கூடக் கண்டுபிடிக்கிற கண்ணுங்க அதெல்லாம். சாமின்னு ஒரு வார்த்தை சொன்ன உடனே அத்தனை கண்ணும் அவிஞ்சு போச்சு.

"அம்மா மனசு குளிரணும்னா, மகனை வெட்டின கையோட விரலைக் கல்லுல வெச்சு நசுக்கணும்"னான் குவிரன்.

அத்தை, வேணாம்.

இரு, இரு. நசுக்க விட்டுடுவேனா நான்? கையைப் பிடிச்சுக்க.

அப்போ எயினி அழல. "தலைவரே, நசுக்கறதுக்கு முன்னாடி நிரூபிக்க விடுங்க"ன்னு கேட்டா. குவிரன் யோசிச்சான். ஊரு பாக்குதே, முடியாதுன்னு சொல்ல முடியல. "மூணு சோதனை. மூணே மூணு. ஆனா அம்மா இருக்கிற பக்கத்துல உன் உளி படக் கூடாது"ன்னான். அங்கதானேடா விசயமே இருக்கு!

முதல் சோதனை. புங்கமரத்தடிக்குப் போய், எயினி நன்னியோட காசை ராசா பக்கம் வெச்சு, இன்னும் ஓங்கி, இன்னும் ஆழமா வெட்டினா. டங்க்! வெள்ளை. லூக்கன்தான் தோசை தடிமனுக்கு வெள்ளி வெச்சிருக்கானே. ஊரு "ஹோ"ன்னுச்சு.

ரெண்டாவது சோதனை. தராசு கொண்டு வரச் சொன்னா. ஒரு தட்டுல பழைய காசு, இன்னொரு தட்டுல புதுக் காசு. தராசு ஆடுச்சு, ஆடுச்சு, அப்புறம் நேரா நின்னுடுச்சு. செம்பு எடை கம்மின்னு அவனுக்குத் தெரியாதா? ஒரு அரிசி கனம் தடியாச் செஞ்சு சரிக்கட்டி இருந்தான். ஊரு மறுபடி "ஹோ"ன்னுச்சு.

மூணாவது சோதனை. சத்தம். பழைய காசைக் கல்லு மேல போட்டா, கிணிங்ங்ங்! அம்சமா இழுத்துது. புதுக் காசைப் போட்டா, கிணுக். அவ்வளவுதான், செத்துப் போச்சு சத்தம். பாதிப் பேரு ஒருத்தரை ஒருத்தரு பாத்துக்கிட்டாங்க. "வேற மாதிரி இருக்குதே"ன்னு ஒரு கிழவன் வாயைத் தெறந்தான். குவிரன் அவனைத் திரும்பி ஒரு பார்வை பாத்தான். "எனக்கு ஒரே மாதிரிதான் கேட்டுது. உனக்கு எப்படிக் கேட்டுது?"ன்னான். கிழவன் "எனக்கும் ஒரே மாதிரிதாங்க கேட்டுது"ன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டான். காது கேக்கறதுக்குக்கூடத் தலைவன் உத்தரவு வேணுமாம், எங்க போய் முட்டிக்கறது!

ம்.

மூணும் போச்சு. குவிரன் ஆளுங்க ஒரு பெரிய அரைக்கிற கல்லை உருட்டிக்கிட்டு வந்தாங்க, கடகடகடன்னு. எயினியோட மணிக்கட்டைப் பிடிச்சுக் கல்லு மேல வெச்சாங்க. யாரு பிடிச்சாங்க தெரியுமா? போன வருசம் இவ பொய்க் காசைக் கண்டுபிடிச்சதால பொழைச்சவனுங்க. நன்னி அங்கதான் நின்னா. வாயைத் தெறக்கல. ஒரு பொடியன் எயினி மேல மண்ணாங்கட்டியை விட்டு அடிச்சான். அவனை "டேய்"னு அதட்ட ஒரு ஆளு இல்ல.

எயினி என்ன நினைச்சா? "நான் மெய் சொன்னப்போ எல்லாம் என்னை நம்பினாங்க. இப்பவும் மெய்தான் சொல்றேன்"ன்னு நினைச்சா. ஆனா அவளுக்கு அவ மேலயும் கோவம். எத்தனை வருசமா அந்த அம்மாவைக் கண்ணுல ஒத்திக்கிட்டேனே, ஒரு தடவையாவது கண்ணைத் தெறந்து பாத்தேனான்னு.

அப்போ அவ சொன்னா, "கடைசியா கிளையம்மாவைக் கும்பிட்டுக்கறேன். அதுக்காவது விடுங்க."

விட்டாங்க. சாமி கும்பிடறேன்னா யாரு வேணாங்கறது? நன்னியோட காசை அந்தப் பட்டைக்கல்லு மேல வெச்சாங்க, அம்மா மேல் பக்கம். எயினி குனிஞ்சா. கும்பிட்டா. "தாயே, உன் முதுகுக்குப் பின்னாடி ஒருத்தன் ஒளிஞ்சிருக்கான். நீ கொஞ்சம் நகந்துக்க"ன்னு சொன்னா. சொல்லிக்கிட்டே விசுக்குன்னு இடுப்புல இருந்து உளியை எடுத்தா, பக்கத்துல கிடந்த சுத்தியை எடுத்து ஓங்கினா.

டங்க்!

ஊரே "ஆ"ன்னு அலறிடுச்சு. அந்த ஊரு தோணின நாள்ல இருந்து கிளையம்மா மேல ஒரு உளியும் பட்டதில்ல. கிளை பிடிச்ச கையில இருந்து மடி வரைக்கும் குறுக்கா ஒரு வெட்டு. உள்ளே பாத்தா செவசெவன்னு செம்பு. எயினி அதைத் தூக்கிக் காட்டினா. "பாத்துக்கங்க! மேல தோலு, உள்ளே செம்பு!"

முடிஞ்சுதுன்னு நினைக்கறியா? இல்ல! குவிரன் குதிச்சான். "ரத்தம்! பாருங்க, இன்னும் ரத்தம்! வெட்டிட்டா, அம்மாவையே வெட்டிட்டா!" ஊரு கல்லைக் கையில எடுத்துது. செம்பைச் செம்புன்னு சொல்ல ஒரு வாய் இல்ல! நம்பணும்னு முடிவு பண்ணிட்டவனுக்கு எதிர்ல மலையே நின்னாலும் தெரியாது, கண்ணு.

ம்.

அப்போ எயினி தன் கழுத்துல கையை வெச்சா. கயிறை அவுத்தா. அந்தக் காசைச் சுத்தியிருந்த கம்பியைப் பிரிச்சா. ரெண்டு நாளு வலியில அவ இறுக்கிப் பிடிச்சிருந்த காசு அது. அவ உள்ளங்கையில அந்த அம்மாவோட உருவம் அப்படியே பதிஞ்சு போயிருந்துதாம், புள்ளை பொறந்து ஒரு வாரம் வரைக்கும். அதைக் கல்லு மேல வெச்சா, அம்மா மேல் பக்கம். ஊரைப் பாத்துச் சொன்னா.

"இது உங்க எல்லாருக்கும் தெரிஞ்ச காசு. பழைய காசு. இதுவும் கிளையம்மாதான். மகனை வெட்டினதுக்கு அவ ரத்தம் விடறான்னா, இதுலயும் ராசா கன்னத்துல என் வெட்டு இருக்கு, இதுலயும் ரத்தம் வரணும். வந்துச்சுன்னா விரல் எதுக்கு, கையையே எடுத்துக்கங்க."

சொல்லிட்டு அவளுக்கு ஒரு நிமிசம் சுத்தி தூக்க வரல. நானா இருந்தா தூக்கியிருப்பேனான்னு தெரியல. அவ தூக்கினா.

டங்க்!

வெள்ளை. பளிச்சுன்னு, பால் மாதிரி, அடி வரைக்கும் வெள்ளை.

ம்...

நன்னிதான் முதல்ல நகந்தா. ரெண்டு காசையும் எடுத்து, ரெண்டு வெட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, கல்லைப் பாக்கற மாதிரி வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் அவ பேசினா, "செம்பு." சின்னக் குரல்தான். ஆனா அது போதுமா இருந்துது. அந்தக் கிழவன் "எனக்கு அப்பவே சத்தம் வேற மாதிரிதான் கேட்டுது"ன்னான். இப்ப சொல்ற, முன்னாடி எங்கடா போச்சு உன் காது?

அப்புறம் என்ன, எல்லாரும் திரும்பிப் பாத்தா லூக்கனைக் காணோம். ஆத்தை நோக்கி ஓடறான், குடுகுடுன்னு. வெள்ளம் வடியல. மாடு தண்ணியில காலை வெக்கமாட்டேன்னு நிக்குது. அவன் இழுக்கறான், மாடு நகரல. மாட்டுக்கு இருக்கிற அறிவு! ஊரு போய் இருபது மூட்டையையும் இறக்கிக்கிச்சு. ஒரு கல்லு குறையல. லூக்கனைத் தோணியில ஏத்தி, கையில அவன் செஞ்ச காசையே குடுத்து, போடான்னு அனுப்பினாங்க. குவிரன் வீட்டைத் தேடினா ஒரு பானை நிறைய நிஜ வெள்ளி இருந்துது, வாயை அடைக்க லூக்கன் குடுத்தது, ஒண்ணுல கூட உளி படல. குவிரன் அதோட தலைவன் இல்ல. குழியில மண்ணு சுமக்கப் போனான், அந்த வயித்தோட.

ம்...

தூங்கிட்டியா? இல்லையா? முக்கியமானது இனிமேதான்.

ஊரு இப்ப என்ன பண்ணுச்சு? லூக்கன் கொண்டு வந்த அந்த வாடின மாலையை எடுத்துக்கிட்டு வந்து எயினி கழுத்துல போடப் போச்சு. "நீதான் எங்க கிளையம்மா! நீதான் சாமி!"ன்னு காலுல விழுந்துது. காலையில மணிக்கட்டைப் பிடிச்ச அதே கைங்க! எயினிக்கு அப்பதான் வந்துது பாரு கோவம், நிஜக் கோவம். மாலையைப் பிடுங்கித் தூர எறிஞ்சா.

"எழுந்திருங்க! வெக்கமா இல்ல? ஒரு பொம்பளையைச் சாமின்னு உக்கார வெச்சீங்க, அதுக்கப்புறம் அவ பக்கம் திரும்பியே பாக்கல. அதனாலதான் அவன் வந்து ஒளிஞ்சுக்கிட்டான். இப்ப என்னை உக்கார வெக்கறீங்களா? நாளைக்கு நான் பொய் சொன்னா யாரு கண்டுபிடிப்பா? நேத்து வரைக்கும் என் ஒருத்தி உளியை நம்பி இருந்தீங்க. அந்த உளி ஏமாந்துது. நான் ஏமாந்தேன். என் ஒருத்தியை நம்பறதுதான் தப்பு. வீட்டுக்கு ஒரு உளி வாங்குங்க. காசை வெட்டுங்க, ரெண்டு பக்கமும். நான் மெய்னு சொன்னதையும் வெட்டிப் பாருங்க!"

அன்னையில இருந்து அந்த ஊர்ல கல்லு தேய்க்கிற சத்தத்துக்கு நடுவுல வீட்டுக்கு வீடு இன்னொரு சத்தம். டங்க். டங்க். டங்க்.

அப்புறம் ஒரு நாளு நன்னி வந்து வாசப்படியில நின்னா. உள்ளே வரல. கையில புது உளி.

"எயினி, என் மேல கோவம் போச்சா?"

"போகல"ன்னா எயினி.

நன்னி தலையைக் குனிஞ்சுக்கிட்டா. "எப்பப் போகும்?"

"தெரியாது. உன் எதுத்தாப்புல என் கையைக் கல்லுல வெச்சாங்க, நீ பாத்துக்கிட்டு நின்ன. அது லேசுல போகாது"ன்னா. சொல்லிட்டு, பட்டைக்கல்லுல கொஞ்சம் தள்ளி உக்காந்து இடம் விட்டா. "உளியை நேராப் பிடி. நீ பிடிக்கிற மாதிரி பிடிச்சா விரலு போயிடும்."

ம்...

கதை உளியோட, காசு ஆத்தோட, கண்ணு இமையோட. கோவம் அத்தையோட இருக்கட்டும், நீ தூங்கு.